செத்த பாம்பை அடிக்கிற உடம்பு

இந்தக் கட்டிலில் எனக்கு முன்னால் எவனோ படுத்திருந்திருக்கிறான். விரிப்பை மாற்றியாச்சு என்று வார்டு ஆயா சத்தியம் பண்ணினாள், பச்சை விரிப்புதான், மடிப்புத் தடம்கூட இருக்கிறது, ஆனாலும் தலைமாட்டில் ஒரு முடி கிடக்கிறது, சுருட்டை முடி, என் தலையில் அவ்வளவு சுருட்டை கிடையாது. அதைப் பார்க்கக் கூடாது என்று சுவர்ப் பக்கம் திரும்பினால் சுவரில் யாரோ விரலைத் துடைத்த தடம். எதைத் துடைத்தானோ. இந்தப் பக்கம் திரும்பினால் சின்ன இரும்பு அலமாரி, அதன் மேல் காலையில் கொடுத்த இட்லிப் பொட்டலம். அதை நான் தொடவில்லை. கொண்டுவந்த ஆள் ஒரு கையில் பொட்டலத்தைப் பிடித்தபடி இன்னொரு கையால் காதைக் குடைந்தான், குடைந்த விரலைப் பார்த்தான், அப்புறம் அதே கைக்குப் பொட்டலத்தை மாற்றி எனக்கு நீட்டினான். உலகத்தில் யாருக்கும் தெரியாத அழுக்கு உங்க கண்ணுக்கு மட்டும் எப்படித்தான் தெரியுமோ என்று பிரமு சொல்லுவாள். பிரமு என் பெண்டாட்டி, முழுப் பெயர் பிரமநாயகி, எங்கள் பக்கம் வைக்கிற பெயர். தெரிகிறதே, என்ன செய்ய. கண்ணைப் பிடுங்கியா போட முடியும். பஸ்ஸில் சீட்டைத் துண்டால் தட்டாமல் நான் உட்கார்ந்தது கிடையாது, எவன் வீட்டிலும் தம்ளரில் வாய் வைத்துக் குடித்தது கிடையாது, அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வேன், காப்பியாக இருந்தாலும். கல்யாணமான புதிதில் அவள் கரண்டியிலிருந்து உள்ளங்கையில் குழம்பை விட்டு நக்கி உப்புப் பார்த்தாள் என்று அந்தக் குழம்பையே வேண்டாமென்று சொன்னவன் நான். அந்த ஆவுடையப்பனுக்குத்தான் இந்த வியாதி வந்தது. சிரிப்பாய்ச் சிரிக்கத் தோன்றும், எனக்கே தோன்றுகிறது, அடுத்தவன் கதையாக இருந்தால்.

இன்றைக்கு நான் ஒரு கேஸ். அப்படித்தான் சொல்கிறார்கள். தோல் டாக்டருக்கு மேல்படிப்பு படிக்கிறவர்களுக்குப் பரீட்சை, ஆளுக்கு ஒரு நோயாளி, என்ன கேட்கலாம், எங்கே தொடலாம், எல்லாம் பார்த்து இன்ன வியாதி என்று வெளியூரிலிருந்து வந்த பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டும். வியாதிப் பெயரை நான் வாயைத் திறந்து சொல்லிவிடக் கூடாது என்று காலையிலேயே சிஸ்டர் எச்சரித்துவிட்டாள். நான் ஏன் சொல்கிறேன், அந்தப் பெயரை நான் வீட்டில்கூடச் சொல்வதில்லை. தொழுநோய் என்று எழுதுகிறார்கள், டாக்டர் இங்கிலீஷில் ஹேன்சன் நோய் என்கிறார், பிரமு அது இது என்கிறாள், கடையில் நான் அலர்ஜி என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஊருக்குள் அதற்கு இன்னொரு பெயர் உண்டு, வசவாகத்தான் அதைச் சொல்லுவார்கள், நானே எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். எனக்கு மாதாமாதம் மருந்து எழுதுகிற டாக்டர் வந்து படுங்க ஆவுடையப்பன், பிள்ளைகளுக்கு உதவியா இருக்கும் என்றார், மாட்டேன் என்று எப்படிச் சொல்ல. எனக்கு வாய்த்தது ஒரு பெண். பெயர் நர்மதா, தர்மபுரிப் பக்கம் என்றாள், வெள்ளைக் கோட்டில் கைமடிப்பு ஒன்று மேலே ஒன்று கீழே. அதைச் சரி பண்ணச் சொல்ல நாக்கு துடித்தது. சட்டையக் கழட்டிருங்கண்ணா என்றாள். கழற்றினேன். பனியனையும் என்றாள். கழற்றும்போது தோளிலிருந்து செதில் உதிர்ந்தது, வெள்ளைப் பொடியாகப் பச்சை விரிப்பில் விழுந்தது, முடியைப் பற்றிச் சொன்னேனே, நாளைக்கு வருகிறவன் இதைப் பார்ப்பான். வீட்டிலும் தினம் காலையில் படுக்கையைச் சுருட்டிக் கொல்லையில் கொண்டுபோய் நானே உதறுகிறேன், பிரமு கை வைத்தால் சத்தம் போடுகிறேன். அவள் அழுகிறாள். எதற்கு அழ வேண்டும், எனக்கே தொடக் கூசுகிறதை அவள் தொடுவானேன்.

அவள் தடவிப் பார்க்கிறாள், இந்தப் பெண், குளிர்ந்த விரல், முதுகில், தோளில், காது மடலைப் பிடித்து நசுக்கிப் பார்க்கிறாள், மாட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. எப்பங்கண்ணா இப்பிடிக் கறுக்க ஆரம்பிச்சது என்கிறாள். அதுவே பரீட்சைக் கேள்வியாக இருக்கும். மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் என்றேன். கறுப்பு என்று எல்லாரும் சொல்கிறார்கள், கறுப்பு இல்லை இது. ரத வீதியில் பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறேன், கலரில் என்னை எவனும் ஏமாற்ற முடியாது, அரக்கு வேறு, குங்குமம் வேறு, மாதுளம்பழம் வேறு. என் தோலுக்கு நெடுக்கே ஓடுகிற பாவு நூல் காப்பிக்கொட்டை, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் கத்தரிப்பூ. வெளிச்சத்தில் சாய்த்தால் ஊடை தெரியும். ஒரு சேலையாக இருந்தால் அடுக்கில் கடைசியாக வைத்து, இது கொஞ்சம் வித்தியாசமான கலரும்மா என்று எடுத்துப் போடுவேன், கறுத்த பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்த எவனாவது வேண்டாம் என்று தள்ளுவான். மாசத்தில் ஒரு நாள் டாக்டர் கண்முன்னால் விழுங்குகிற சிவப்பு மாத்திரை வேறு. அன்றைக்கு மூத்திரம் குங்குமக் கரைசலாகப் போகும். முதல் தடவை கடைக் கழிப்பறையில் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன், எவன் பிடித்த சுவரோ, அதற்கப்புறம் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். இந்த ஆனியில் ஒரு அம்மா, கல்யாணப் பார்ட்டி, நான் விரித்துக் காட்டின சேலையின் முந்தியைத் தொட வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்துச் சேல்ஸ்மேனிடம், நீங்க எடுத்துக் காட்டுங்க தம்பி என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தால் கடையை விட்டே எழுந்து போயிருப்பேன். முதல் மாத்திரை உள்ளே போனதுமே இது யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார், சரிதான், ஆனால் அருவருப்பு ஒட்டுமே, அதற்கு எந்த மாத்திரை.

மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிடுறீங்களாண்ணா என்று கேட்டாள், தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே. சாப்பிடுகிறேன் என்றேன். எல்லாமா. எல்லாம்தான். சொல்லிவிட்டேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. வீட்டில் பிரமுவிடம் சொன்னதுதான், போன தடவை டாக்டரைப் பார்க்க நான் போகாமல் தீபாவளிச் சரக்கு வந்துவிட்டது என்று அவளை அனுப்பி மாத்திரை அட்டைகளை வாங்கிவரச் சொன்னேனே, அப்போதும் அவள் போய் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அட்டையில் இருக்கிறதைச் சாப்பிடுகிறேன், அதில் பொய் இல்லை, கறுக்கப் பண்ணுகிறது, சிவப்பு, எல்லாம். டாக்டர் தனியாக எழுதின அந்த இன்னொன்றைத்தான் விட்டுவிட்டேன். இப்போது வலது முழங்கையில் வலிக்கிறது. உட்புறம், எலும்பு இடித்தால் சுரீரென்று விரல்வரைக்கும் ஓடுமே அந்த இடம், அங்கே ஒரு கயிறு தடித்துக் கிடக்கிறது. அவள் இன்னும் அங்கே வரவில்லை. கழுத்தில் இருக்கிறாள், கழுத்து நரம்பைத் தேடுகிறாள். வரட்டும். வந்தாலும் நான் முகத்தைச் சுளிக்க மாட்டேன்.

மருந்து வேலை செய்கிறதால்தான் இதெல்லாம் என்றார் டாக்டர். அதுதான் எனக்கு இன்றைக்குவரை செரிக்காதது. வியாதி வந்தபோது வலி இல்லை, காய்ச்சல் இல்லை, முதுகில் நாலைந்து மினுமினுப்பு, அவ்வளவுதான், கொசு கடித்தால் தெரியாது. மருந்து சாப்பிட ஆரம்பித்து நாலைந்து மாசத்தில் உடம்பெல்லாம் கட்டி கட்டியாகச் சிவந்து கிளம்பிற்று, தொட்டால் உயிர் போகிற வலி, காய்ச்சல், முகமெல்லாம் வீக்கம். மருந்துதான் கெடுக்கிறது என்று பிரமு அட்டையைத் தூக்கிப் பரணில் போடப் போனாள். டாக்டர்தான் உட்காரவைத்துச் சொன்னார். ஆவுடையப்பன், கிருமியெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு, செத்ததெல்லாம் உடனே வெளிய போயிராது, துண்டு துண்டா உள்ளயேதான் கிடக்கும், அதைப் பாத்துட்டு எதிரி வந்துட்டான்னு உங்க உடம்பு சண்டைக்குப் போகுது, இந்தக் கட்டி காய்ச்சல் எல்லாம் அந்தச் சண்டை. அப்ப என் உடம்பு செத்த பாம்பை அடிக்குதுன்னு சொல்லுங்க என்றேன். அவர் சிரித்தார். அதேதான், ஆனா அடி பாம்பு மேல விழல, உங்க நரம்பு மேல விழுது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோடிக் கணக்கில் உள்ளே பிணம் கிடக்கிறது என்று ஒருத்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லுகிறார். எடுத்துப் போட ஆள் இல்லை. தோலுக்கடியில், காது மடலில், இந்தப் பெண் இப்போது நசுக்கினாளே அதில், எல்லாம் பிணம். நான் அண்ணாந்து தண்ணீர் குடித்து, சீட்டைத் தட்டி உட்கார்ந்து, கரண்டியைக் கழுவச் சொல்லி, வெளியே இவ்வளவு சுத்தம் பார்க்க, உள்ளே சுடுகாடு. அந்தச் சுடுகாட்டில் என் உடம்பே கம்பை எடுத்துக்கொண்டு குடித்துவிட்டு ஆடுகிறது. கறுக்கப் பண்ணுகிறது என்று நான் கரித்துக்கொட்டுகிற மாத்திரை கிருமியையும் கொல்லும், இந்த ஆட்டத்தையும் கொஞ்சம் அடக்கும் என்றார், அது மட்டும் போதவில்லை, அதனால் தனியாக இன்னொன்று எழுதினார். சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. அது கிருமியைத் தொடாது, அடிக்கிற கையைப் பிடித்துக்கொள்ளும். நீங்களா நிறுத்தக் கூடாது, நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்பேன், இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

கை பிடிபட்டது உண்மைதான். வாரத்துக்குள் கட்டி வற்றியது, காய்ச்சல் விட்டது. ஆனால் பசி வந்தது. பசி என்றால் சும்மா பசி இல்லை, அதை எப்படிச் சொல்ல, வயிற்றுக்குள் ஒருத்தன் தட்டை ஏந்திக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. முகம் பந்தாக உப்பிற்று. காலையில் எட்டு இட்லி தின்றுவிட்டுக் கடைக்குப் போனால் ஷட்டரைத் தூக்குவதற்குள் பசி. டப்பாவில் இருந்த சாப்பாடு பதினோரு மணிக்கே காலி. பிரமுவிடம் இன்னும் கொஞ்சம் வை என்று கேட்க எனக்குக் கூச்சம், நாலு கவளத்துக்கு மேல் சோறு கேட்கிறவனைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவன் நான். ஆடித் தள்ளுபடி முடிந்த வாரம். முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு பெரிய பார்ட்டி, பெரிய பார்ட்டி வந்தால் கடையில் காப்பியும் உளுந்த வடையும் கொடுப்பது வழக்கம். எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டூல் மேல் தட்டு கிடந்தது. பல்செட் கட்டின ஒரு பெரியவர் கடித்து, மெல்ல முடியாமல் திரும்ப வைத்த வடை. கடித்த இடம் ஈரமாக இருந்தது. சட்னியில் பாதி ஊறியிருந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போடத்தான் எழுந்தேன், சாமி சத்தியமாக அதற்குத்தான் எழுந்தேன். அலமாரிக்குப் பின்னால் போனேன். தின்றேன். நின்றுகொண்டே, சேலைக் கட்டுகளுக்கு நடுவில், அந்த ஈரத்தோடு, வாயைத் திறந்து, ஆவுடையப்பன், நான். ருசியாக இருந்தது. அதுதான் தாங்க முடியாதது. குமட்டியிருந்தால் பரவாயில்லை, நாக்கு சப்புக்கொட்டிற்று, விரலில் ஒட்டின சட்னியைக்கூட விடவில்லை. அப்புறம் கழிப்பறையில் போய் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் பாலத்தில் நின்று அந்த வெள்ளை மாத்திரை அத்தனையையும் தண்ணீரில் போட்டேன். மருந்து வியாதியைக் கொல்லட்டும், ஆளை மாற்ற அதற்கு யார் அதிகாரம் கொடுத்தது. கட்டிதான் வற்றிவிட்டதே, இனி எதற்கு என்று வேறு ஒரு நியாயம். ரெண்டு நாளைக்கு உடம்பு அடித்துப்போட்டாற்போல் கிடந்தேன், அதுவும் போயிற்று, பசியும் போயிற்று. நான் திரும்ப நானாக ஆனேன் என்று சந்தோஷப்பட்டேன், சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். புரட்டாசியில் முழங்கை வலி ஆரம்பித்தது.

இப்போது அங்கேதான் வந்திருக்கிறாள். என் முழங்கையை மடக்கித் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விரலால் உருட்டுகிறாள். கண்ணில் தண்ணீர் முட்டுகிறது. மோட்டுவளையைப் பார்க்கிறேன், காற்றாடி சுற்றுகிறது, ஒவ்வொரு இறக்கையிலும் கறுத்த பிசின் ஒட்டியிருக்கிறது, எத்தனை வருஷத்துத் தூசி, எத்தனை பேர் மூச்சு. வலிக்குதாங்கண்ணா. இல்லை. அவள் நம்பவில்லை, என் கால் கட்டைவிரல் மடங்கினதைப் பார்த்துவிட்டாள். எழுதுகிறாள். நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள், என் விரல்களை நீட்டச் சொன்னாள், மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவே தாளைச் செருகினாள். நான் இழுப்பேன், விடாமப் பிடிச்சுக்கோங்க. இடது கையில் பிடித்தேன், தாள் கிழிந்தது. வலது கையில் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். மனசு பிடிக்கிறது, பல்லைக் கடித்துப் பிடிக்கிறது, சுண்டு விரல் எங்கோ தள்ளி நின்று வேடிக்கை பார்க்கிறது. தாள் சத்தமில்லாமல் அவள் கைக்குப் போய்விட்டது. எனக்குத் தெரியும். கடையில் ஒரு வாரமாகத் தெரியும். ஆறு கஜத்தை வீசி விரித்துவிடலாம், மடிப்பதற்குத்தான் சுண்டு விரல் வேண்டும், கரையைக் கரையோடு சேர்த்து அதுதான் பிடிக்கும். பட்டு வழுக்கிக்கொண்டு போகிறது. இடது கையால் சமாளிக்கிறேன், பக்கத்துச் சேல்ஸ்மேன் இன்னும் கவனிக்கவில்லை, தீபாவளிக் கூட்டம் வந்தால் கவனிப்பான். அப்புறம் விரல் மடங்கும். மடங்கின விரலுக்கு அலர்ஜி என்று பெயர் சொல்ல முடியாது. கோயில் வாசலில் அந்த மாதிரிக் கையை நீட்டினவர்களுக்கு நான் காசு போட்டிருக்கிறேன், கை படாமல், உயரத்திலிருந்து. தாள் நழுவினதும் இந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. பரீட்சையில் எழுத அவளுக்கு ஒன்று கிடைத்துவிட்டது. சந்தோஷப்படு தாயி. என் கை போகிறது, உனக்கு மார்க்கு வருகிறது. அவள்மேல் அப்படியே எச்சிலைத் துப்பலாம் போலிருந்தது.

அப்புறம் அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது, மேலுதட்டில் வியர்வை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம், பயத்தில் இறங்கவில்லையாம். நான் இரக்கத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், அந்தப் பொட்டலத்தின் மேல் ஈ உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது, அது கண்முன்னால் கிடக்கிறதே எனக்கு ஆகவில்லை. அதை எடுத்துச் சாப்பிடும்மா, நான் தொடவே இல்லை என்றேன். தொடவே இல்லை என்பதை அழுத்திச் சொன்னேன். அவள் கட்டிலைச் சுற்றின மறைப்புத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டு பொட்டலத்து நூலைப் பிய்த்தாள். பையிலிருந்து கைகழுவுகிற குப்பியை எடுத்துப் பிதுக்கினாள், காற்றுதான் வந்தது. கழுவிட்டு வந்து சாப்பிடும்மா என்றேன். நேரமில்லண்ணா என்றாள். தின்றாள். என் முதுகைத் தடவின கை, என் காதை நசுக்கின கை, நகக்கண்ணில் என் செதில் வெள்ளையாக நிற்கிறது, அந்தக் கையால் இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டு விரலைச் சூப்பினாள். எனக்கு மனசு நெகிழவில்லை. நெகிழ வேண்டும் போலிருக்கிறது, கதை கேட்கிறவர்கள் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். நான் அந்த நகக்கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அழுக்கை ஒருத்தி என் கண்முன்னால் தின்கிறாள். மூன்று இட்லி போயிற்று. நாலாவதைப் பிட்டுக்கூடத் தின்னவில்லை, அப்படியே எடுத்துக் கடித்தாள், பாதி உள்ளே போனபோது மணி அடித்தது. மீதியைப் போட்டுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பாதி இட்லியில் பல் தடம் வரிசையாகத் தெரிகிறது. ஈ வந்துவிட்டது.

பெரிய டாக்டர் வந்தார், நரைத்த மீசை, கூட ரெண்டு பேர். அவள் ஒப்பிக்கிறாள். இங்கிலீஷ்தான், ஆனால் முக்கால்வாசி எனக்குப் புரிகிறது, என் சங்கதிதானே. கறுப்பு, செதில், கட்டி வந்து போனது, முழங்கை நரம்பு தடிப்பு, சுண்டு விரல் பலம் இல்லை. எல்லாம் சரியாகச் சொல்கிறாள். அப்புறம் சொன்னாள், பேஷண்ட் ஸ்டீராய்டு உட்பட எல்லா மருந்தையும் ரெகுலராக எடுக்கிறார் என்று. என் பொய் அவள் வாயிலிருந்து வருகிறது, நான் மென்று துப்பினதை அவள் எடுத்து வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அந்த மனுஷர் விடவில்லை. ஒழுங்கா எடுத்தா இந்த நரம்பு ஏம்மா இப்பப் போகுது என்று தமிழிலேயே கேட்டார். அவள் என்னென்னவோ சொன்னாள். இல்லை என்றார். மருந்து வேலை செய்யலையா, டோஸ் போதலையா, இல்ல உன் பரிசோதனை தப்பா, ஏதாவது ஒண்ணைச் சொல்லு என்றார். அவள் நோட்டைப் புரட்டினாள். கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது எனக்குப் படுத்திருக்கிற இடத்திலிருந்து தெரிந்தது. என் பரிசோதனை தப்பா இருக்கலாம் சார் என்றாள் கடைசியில். தப்பில்லை. தாள் நழுவினது தப்பில்லை. சொல்ல வேண்டியது நான். சொன்னால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், அப்புறம் வடை வரும். அலமாரிக்குப் பின்னால் நின்ற அந்த ஆளை இவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், சிஸ்டர் பார்ப்பாள், ஆயா பார்ப்பாள், முடியைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டேனே அந்த ஆயா. சொல்லாவிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கை மட்டும் திரும்ப வராது. உள்ளே கம்பைச் சுழற்றிக்கொண்டு ஆடுகிறவனை யார் பிடிப்பார்கள், நான் பிடித்தாலல்லவா. பட்டு வழுக்குகிறது. கரையோடு கரை சேரவில்லை. தாள் போயிற்று. தாள் போனது விரலுக்குத் தெரியவே இல்லை, அதுதான், இழுத்ததே தெரியவில்லை.

"அந்தம்மா மேல தப்பில்ல சார். அந்த வெள்ள மாத்திரைய நானாத்தான் நிறுத்திட்டேன்."

எல்லாரும் திரும்பினார்கள். கேஸ் பேசக் கூடாது. சிஸ்டர் முறைத்தாள். ஏன் என்றார் அவர். பசிச்சுது சார் என்றேன். பக்கத்தில் நின்றவரில் ஒருத்தர் லேசாகச் சிரித்தார். பசிச்சாச் சாப்பிட வேண்டியதுதானே என்றார் மீசைக்காரர்.

"சாப்பிட்டேன் சார். ஊரான் கடிச்சுப் போட்ட எச்சி வடையைத் தின்னேன்."

சிரித்தவர் நிறுத்திவிட்டார். மீசைக்காரர் என் அருகில் வந்து நாற்காலி இருந்தும் உட்காராமல் குனிந்தார். அந்தப் பசி மாத்திரையோட வேலை, உங்க குணம் இல்ல என்றார், கணக்குச் சொல்கிறவர் மாதிரித்தான் சொன்னார், தட்டிக்கொடுக்கவில்லை, அதற்காக அவருக்குக் கும்பிடு போடலாம். கை திரும்புமா என்று கேட்டேன். இன்னிக்கே ஆரம்பிச்சா வரலாம், வராமலும் போகலாம், தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் வாய்ப்பு குறையும் என்றார். முதல் மாத்திரையை இப்போதே, உங்கள் கண்ணுக்கு முன்னால் கொடுங்கள் என்று சிஸ்டரிடம் சொன்னார். போகிறபோது நர்மதாவைப் பார்த்து, அவர் சொன்னதை நம்பறதா, அவர் விரல் சொன்னதை நம்பறதான்னு யோசிச்சிருக்கணும்மா என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் அவர்கள் பின்னாலேயே போனாள். பாஸா ஃபெயிலா தெரியவில்லை. ஒரு பொய்யில் அவளுக்கு என்ன போயிற்றோ, அதை இனி நான் விசாரித்தும் ஆகப்போவதில்லை.

சிஸ்டர் மாத்திரைகளோடு வந்து நிற்கிறாள். சாப்பிட்டாச்சா, வெறும் வயித்துல இதைப் போடக் கூடாது, புண்ணாயிரும் என்கிறாள். இல்லை என்றேன். கேன்டீன் மூடிட்டான், ஏதாவது ரெண்டு வாய் போட்டுக்கங்க, அதான் இட்லி இருக்கே என்று மோவாயால் அலமாரியைக் காட்டினாள். இருக்கிறது. பாதி இட்லி. பல் தடம், ஈ, காதைக் குடைந்த விரல், என் செதில், அவள் எச்சில், எல்லாம் அதில் இருக்கிறது. வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் வாய்க்கால் பாலத்தைத் தாண்டித்தான் வீடு. ஈயை விரட்டினேன். வலது கையால்தான் எடுத்தேன், சுண்டு விரல் சேராமல் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது. பசி இருக்கிறதா என்று உள்ளே கேட்டுப் பார்த்தேன், இல்லை, துளி இல்லை. பசி இல்லாமல்தான் தின்றேன். புளித்தது, குமட்டிற்று, கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது, திறந்துகொண்டே விழுங்கினேன், பாதி வழியில் நின்றது, திரும்ப விழுங்கினேன். நன்றாகக் குமட்டிற்று, அது ஒரு ஆறுதல். கையை நீட்டச் சொன்னாள். குழித்து நீட்டினால் சுண்டு விரல் பக்கம் சந்து விழுந்து மாத்திரை நழுவப் பார்த்தது, இடது கையால் அந்த விரலைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டேன். தம்ளரைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன், அதில் மட்டும் மாற்றம் இல்லை. ரெண்டு மூன்று நாளில் பசி வந்துவிடும், தட்டை ஏந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான், கடையில் தீபாவளிப் பார்ட்டிகள், ஸ்டூல் மேல் வடை. பிரமுவிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், டப்பாவில் கூட நாலு தோசை வைக்கச் சொல்ல வேண்டும்.